சிரிப்பு போடாத இடம்

தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடருக்குச் சிரிப்புச் சத்தம் சேர்ப்பதுதான் அவள் வேலை. எந்த வசனத்துக்கு எவ்வளவு சிரிப்பு என்று முடிவு செய்வது அவள்தான். அதனால் ஒலிக்கூடத்தில் எல்லாருக்கும் அவள் ‘சிரிப்பக்கா’. வீட்டில் சிரிக்க ஆள் கிடையாது; கணவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன.

தொடரில் கிறுக்குச் சித்தப்பாவாக நடிப்பவருக்கு, நிஜத்திலும் அரைக்கிறுக்கு என்றுதான் பேர். வெயிலானாலும் ரப்பர் பூட்ஸ். லிஃப்டில் இறங்கினால் லிஃப்டுக்கே ஒரு நன்றி. மனிதர் வாயைத் திறந்தாலே போதும், சுற்றி நிற்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள்.

போன வாரம் கேன்டீனில் தட்டோடு வந்து அவள் எதிரே உட்கார்ந்தார்.

“தனியா சாப்பிட்டு எனக்கு அலுத்துப்போச்சும்மா. உங்களுக்கும் அப்படித்தான்னா, இனிமே சேர்ந்து சாப்பிடலாமா? சாகுற வரைக்கும்?”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பழக்கதோஷம், வேறென்ன! அவரும் ஒப்புக்குச் சிரித்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். படியேறும்போதுதான் அவளுக்கு உறைத்தது. அடப்பாவமே, மனுஷன் நடிக்கவில்லையே! அன்றிலிருந்து அவர் அவள் முகத்தை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. போய்ப் பேசலாமென்றால் அவளுக்கும் வாய் வரவில்லை. ஒரு நல்ல மனசை மிதித்துவிட்டோமே என்று சோறு இறங்காமல் தவித்தாள்.

இன்று அவள் முன்னால் வந்தது சித்தப்பாவுக்குக் காதல் வரும் எபிசோடு. பக்கத்து வீட்டு டீச்சரிடம் அவர் மனசைத் திறக்கிற காட்சி. வசனத்தை அவர் இஷ்டத்துக்கே விட்டிருந்தாராம் இயக்குநர். திரையில் அவர் டீச்சரைப் பார்த்து, கேன்டீனில் கேட்டதையே கேட்டார், ஒரு வார்த்தை மாறாமல்.

“இங்கதான்க்கா, பெரிய சிரிப்பா போடுங்க,” என்றார் இயக்குநர். பின்னால் நாற்காலியில் சித்தப்பாவாக நடித்தவரும் உட்கார்ந்திருந்தார்.

“இந்த இடத்துல சிரிப்பு வராது தம்பி.”

“என்னக்கா விளையாடுறீங்க? சித்தப்பாவுக்குக் காதல்னா ஊரே சிரிக்காதா?”

“போட்டுடுங்கம்மா,” என்றார் சித்தப்பா நடிகர், தரையைப் பார்த்தபடி. “சிரிப்பாங்கன்னு தெரிஞ்சுதான் பேசினேன்.”

அவள் நாற்காலியைத் திருப்பினாள். “கேன்டீன்லயும் தெரிஞ்சுதான் கேட்டீங்களா?”

“இல்லம்மா. அங்க நிஜமாத்தான் கேட்டேன்.”

“நான் சிரிச்சது தப்பு, மன்னிச்சிடுங்க. எனக்கும் தனியா சாப்பிட்டு அலுத்துப்போச்சுங்க.”

“அடடா! இதை அப்படியே அடுத்த எபிசோடுல வச்சுக்கலாமே!” இயக்குநர் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

சித்தப்பா நடிகர் எழுந்து நின்றார். இத்தனை வருஷத்தில் யார் சிரித்தும் ஒரு வார்த்தை சொன்னவரில்லை.

“சிரிக்காதப்பா,” என்றார். குரல் உடைந்தது. “இது என் வாழ்க்கை.”