கரையாத மூச்சு

நெத்திலிப் பருவம் தொடங்கிய மறுநாள், எங்கள் துறைமுகத்தில் மனிதர்கள் விட்ட மூச்சு காற்றில் கரைவதை நிறுத்திக்கொண்டது. மீன்மாவு ஆலைப் புகையின் அதே சாம்பல் நிறத்தில், ஆட்டுக்குட்டி அளவு திரண்டு, விட்ட இடத்திலேயே நின்றது. மேட்டுத்தெருவில் ஜன்னல்கள் பெரியவை. அங்கே மூச்சைக் கடல்காற்று அள்ளிக்கொண்டு போனது. கீழ்த்தெருவில் ஆலை நாற்றம் தாங்காமல் சந்துபொந்தெல்லாம் பிளாஸ்டிக் வைத்து அடைத்திருந்தோம். ஒருவர் விட்டதை அடுத்தவர் இழுத்தார். காற்று எல்லோருக்கும் பொது என்றது ரேடியோ. சொன்னவன் எங்கள் தெருவில் குடியிருந்ததில்லை.

பிறகு இருமல் வந்தது. ஆலை மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை. அங்கே மூட்டை தூக்கும் ஃபோர்ச்சுனாதோ முதலில் விழுந்தான். ஆக்சிஜன் சிலிண்டருக்குக் காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. அவன் மனைவி எதெல்மிரா, சீக்கு வந்த வீட்டில் வைத்தியக் காசு சேர்க்க எங்கள் தெருவில் எப்போதும் செய்வதைச் செய்தாள்: தகரம் வேய்ந்த முற்றத்தில் கோழி பொரித்து விற்றாள். தெருவே வந்து வாங்கித் தின்றது. வழக்கம்போல ஒரே பீர் பாட்டில், ஒரே கிளாஸ். குடித்தவர் நுரையைத் தரையில் உதறிவிட்டு அடுத்த கைக்குக் கொடுத்தார். தலைக்கு மேல் மூச்சு தடித்துக்கொண்டே வந்தது.

"ஆளுக்கொரு கிளாஸ் குடுடி," என்றாள் பக்கத்து வீட்டு தெயோபிலா.

"நாம என்ன மேட்டுத்தெருக்காரங்களா? என் கையால ஊத்தினா கசக்குதாக்கும்?"

"கசக்கலடி. பயமா இருக்கு."

சொல்லிவிட்டு அவளும் வாங்கிக் குடித்தாள். குடிக்காமல் போனால் உதவ வந்ததாகவே ஆகாது.

சிலிண்டர் வந்தது. ஃபோர்ச்சுனாதோ பிழைத்தான். கோழி வாங்கித் தின்றவர்களில் பலர் பிழைக்கவில்லை. வாங்க ஆளில்லாததால் அவர்களுக்காக யாரும் கோழி பொரிக்கவில்லை. அவர்கள் விட்ட மூச்சு மட்டும் அந்த முற்றத்திலேயே வட்டமாக நின்றுவிட்டது. முதல் வருஷம் யாரும் உள்ளே வரவில்லை. ஃபோர்ச்சுனாதோ வாயைப் பொத்திக்கொண்டு, சுவரோடு ஒட்டி நடந்து ஆலைக்குப் போனான். பாதிரியார் தண்ணீர் தெளித்தார், நகராட்சிக்காரன் மருந்தடித்தான்; ஒன்றும் அசையவில்லை. ஆலை இன்னொரு புகைபோக்கி கட்டியது. எதெல்மிரா இப்போது அந்த மூச்சுகளுக்கு இடம் விட்டுத்தான் துணி காயப்போடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு கிளாஸில் பீர் ஊற்றி வட்டத்தின் நடுவில் வைக்கிறாள். சாயங்காலத்துக்குள் நுரை மட்டும் மிஞ்சுகிறது. வாசலோரம் சற்றுத் தள்ளி நிற்பது தெயோபிலாவுடைய மூச்சு. அதற்கு மட்டும் தனி கிளாஸ்.