கொதிக்க வைத்த தண்ணீர்

நாளைக் காலை பத்து மணிக்கு என் அண்ணன் கிணற்றுக்குள் ஹைட்ரஜனை இறக்கப் போகிறான். வெயிலடிக்கும்போது மிஞ்சுகிற மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுத்த வாயு அது. ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் மணற்பாறையின் நுண்துளைகளில் அடைத்து வைத்து, வேண்டும்போது எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்று வருடம் மாரடித்துத் துளை போட்டவன் அவன். 'இந்தப் பாறையில் வாயு குறையாது' என்று ஆய்வுக்கூடத்திலிருந்து எழுதிக் கொடுத்தவள் நான்.

இப்போது என் மேஜை மேலேயே குறைந்துகொண்டிருக்கிறது.

இறக்குவதற்கு முன் இன்னொரு முறை சோதிப்பது வழக்கம். அதே பாறைத் துண்டு, அதே எஃகு உருளை, கிணற்றின் ஆழத்திலிருந்து அண்ணன் எடுத்து அனுப்பும் தண்ணீர். ஐந்து நாளாக அழுத்தமானியின் முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவினேன், ஒரு குமிழி இல்லை. முள்ளை வாய்க்கு வந்தபடி திட்டியும் பார்த்தேன். எங்கேதான் போய்த் தொலைகிறது? பயத்தைவிட இந்தக் கேள்விதான் என்னை மதியம் சாப்பிட விடவில்லை.

உருளையிலிருந்து துளி வாயுவைச் சோதனைத் தாளின் மேல் விட்டேன். தாள் கறுத்தது. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் வாயு! உள்ளே ஏதோ கிருமி ஹைட்ரஜனைத் தின்றுவிட்டு இதை விடுகிறது. கையும் களவுமாகப் பிடித்துவிட்ட குஷியில் அண்ணனைப் போனில் கூப்பிட்டேன்.

"அண்ணா, போன தடவையும் இந்தத் தடவையும் கேன்ல குடுத்துவிட்டது ஒரே கிணத்துத் தண்ணிதானே?"

"ஒரே தண்ணிதான். ஏன், குடிச்சுப் பாத்தியா?"

அப்போதுதான் உறைத்தது. போன முறை தண்ணீர் கலங்கலாக இருக்கிறதே என்று மெனக்கெட்டு வடிகட்டி, கொதிக்க வைத்து ஊற்றியிருந்தேன்; கிருமியெல்லாம் அதிலேயே செத்திருக்கும். இந்த முறை அவசரத்தில் அப்படியே ஊற்றிவிட்டேன்.

"அண்ணா, நான் தப்புப் பண்ணிட்டேன்," என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் பக்கத்தில் யாரிடமோ, "நாளைக்கு இல்லப்பா, குழாயக் கழட்டுங்க," என்று சொல்வது கேட்டது.

"கோவமாண்ணா?"

"பின்ன, கொஞ்சுவாங்களா?" என்றான். "சரி, அதுங்க எவ்வளவு சாப்பிடும்?"

"தெரியலண்ணா."

"ஒரு கிலோமீட்டர் கீழ, இருட்டுல, பாறைக்குள்ள உக்காந்துக்கிட்டா?"

"ஆமா."

"இத்தன நாளா என்னத்தத் தின்னுச்சுங்களாம்?"

அது எனக்குத் தோன்றவே இல்லை.

"இரு, நானே தண்ணி எடுத்துட்டு வரேன்," என்றான். "அடுப்புப் பக்கம் போன, கைய ஒடிச்சிருவேன்."