ஈரத்துக்கு ரெண்டு கிலோ

மாரீஸ்வரிக்கு உடம்பைக் குறைக்கும் ஆசையெல்லாம் கிடையாது. மேட்டுக் காட்டுக்கு ஏறிப்போய்த் தேயிலைக் கொழுந்து எடுக்க முழங்கால் ஒத்துழைத்தால் போதும், அவ்வளவுதான். ஏற முடியாதவளை எஸ்டேட் வேலையிலிருந்து நிறுத்திவிடும். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கும் பிளஸ் டூ படிக்கிற மகளுக்கும் அந்தத் தகரக் கூரையை விட்டால் வேறு நாதி கிடையாது.

அதற்காகத்தான் பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி ஆரம்பித்த உடற்பயிற்சிக் கூட்டத்தில் சேர்ந்தாள். வண்டிப்பெரியார் டவுனில் பெண்கள் காலையில் கூடிக் கையைக் காலை ஆட்டுவதைப் பார்த்துவிட்டு வந்த முத்துப்பேச்சி, "நமக்கு மட்டும் என்ன குறைச்சல்?" என்று லயத்தையே கிளப்பிவிட்டிருந்தாள். நாளெல்லாம் மலையேறுகிறவளுக்கு எக்சர்சைஸ் எதுக்கு என்று ஆம்பளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே! வேலைக்குப் போகும் முன் பந்து விளையாடும் மைதானத்தில் கூடினார்கள். அங்கே ஒரு சட்டம் உண்டு. யாராவது முடியாமல் நின்றுவிட்டால், அவள் முடிக்கும்வரை மற்றவர்கள் கை தட்ட வேண்டும்.

முதல் நாள் குத்தவைத்த மாரீஸ்வரியால் எழுந்திருக்க முடியவில்லை. அவமானத்தில் அழுகையே வந்துவிட்டது. "எந்திரி மதினி, எந்திரி! நாங்க எங்கயும் போகல" என்று முத்துப்பேச்சி தட்ட ஆரம்பித்தாள். எல்லோரும் தட்டினார்கள். எழுந்துவிட்டாள். அதுவரை அவளுக்காக யாரும் கை தட்டியதே இல்லை. மழைக்காலம் முடிவதற்குள் மூச்சு வாங்காமல் மேட்டுக் காடு ஏறினாள். அடுப்படியில் பாட்டுக்கூடப் பாடினாள் என்றால் பாருங்களேன்.

நல்லது நடந்தால் யாருக்குப் பொறுக்கும்? டவுன் ஜிம்மிலிருந்து ரிஜின் மாஸ்டர் சொல்லிக்கொடுக்க வந்தார். கெட்டவர் இல்லை, வேகக்காரர். "சேச்சிமாரே, ஒரு போட்டி வெக்கலாம். யாரு கூடுதல் குறைக்குதுன்னு பாக்கலாம்" என்று ஒரு எடை மெஷினைக் கொண்டுவந்து வைத்தார்.

எடை என்றாலே அந்தப் பெண்களுக்குக் கொழுந்து நிறுக்கிற நினைப்புதான். சாயங்காலம் சூப்பர்வைசர் பேரைச் சொல்லிக் கத்துவார், கிலோவைச் சொல்வார், இலை நனைந்திருக்கிறது என்று ரெண்டைக் கழிப்பார், கூலியும் அதற்குத் தக்கபடி குறையும். முத்துப்பேச்சிக்கு வாய் சும்மா இருக்குமா? மாரீஸ்வரி மெஷினில் ஏறியதும் அதே குரலில், "மாரீஸ்வரி, எம்பத்தாறு! ஈரத்துக்கு ரெண்டு கிலோ கழி!" என்று கத்தினாள். மைதானமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மாரீஸ்வரியும் சிரித்துக்கொண்டேதான் இறங்கினாள். மறுநாள் வரவில்லை.

முத்துப்பேச்சி வாசலில் வந்து நின்றாள். "விளையாட்டுக்குத்தான மதினி சொன்னேன். என் வாயில வசம்ப வச்சுத் தேய்க்க. வா மதினி."

"அட, அதுக்கெல்லாம் இல்ல பேச்சி. கால்ல சுளுக்கு."

சுளுக்காவது மண்ணாவது! தினமும் என் கொழுந்தை நிறுத்துக் கழிக்கிறார்கள், இங்கே என்னையே கழிக்கிறார்களா என்று அவளுக்கு நெஞ்சு எரிந்தது. மனசாரப் போன இடம் அது ஒன்றுதான். அதனாலேயே திரும்பிப் போக முடியவில்லை.

அவளுக்குப் பின்னால் கனத்த உடம்புக்காரிகள் ஒவ்வொருத்தியாய் வராமல் நின்றுவிட்டார்கள். எல்லாம் மெஷினுக்குப் பயந்துதான். மிச்சம் இருந்தவர்களுக்குப் போட்டியில் ஜெயிக்க வேண்டுமே, யாருக்காக நிற்பார்கள்? கை தட்டுகிற பழக்கம் தானாக மறந்துபோயிற்று. கடைசியில் மாஸ்டரும் வரவில்லை. மைதானத்தில் மாடு மேய்ந்தது.

பனிக்காலத்துக்குள் மாரீஸ்வரியின் முழங்கால் பழையபடி வீங்கிக்கொண்டது. ஃபீல்டு ஆபீசர் யாக்கோபு பரிதாபப்பட்டுப் பள்ளக் காட்டிலேயே வேலை கொடுத்துப் பார்த்தார். அவரும் எத்தனை நாள்தான் மேலிடத்துக்குத் தெரியாமல் மறைப்பார்? "திங்கக்கிழமை மேல வரைக்கும் ஏறிக் காட்டணும் மாரீஸ்வரி. ஏறலன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது, கேட்டோ" என்று சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை மற்றவர்கள் மேலே கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். யாக்கோபு கீழே நின்று பார்க்க, மாரீஸ்வரி ஏறினாள். பாதி மேட்டில் முழங்கால் பிடித்துக்கொண்டது. பாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மேலேயிருந்து பார்த்த முத்துப்பேச்சி கத்திரியைக் கீழே போட்டாள். "எந்திரி மதினி, எந்திரி! நாங்க எங்கயும் போகல!" என்று தட்ட ஆரம்பித்தாள். பக்கத்தில் இருந்தவள் தட்டினாள். அப்புறம் காடு முழுக்கத் தட்டியது. அன்றைக்குச் சிரித்த கைகள்தான் எல்லாம்.

பாவி மனசு, அப்போதும் அதை நம்பியது! மாரீஸ்வரி எழுந்தாள். செடியைப் பிடித்து நாலடி வைத்தாள். மறுபடி விழுந்தாள். மறுபடி எழுந்து பார்த்தாள். கால் கேட்கவில்லை. யாக்கோபு முகத்தைத் திருப்பிக்கொண்டார். முத்துப்பேச்சி அழுதுகொண்டே தட்டிக்கொண்டிருந்தாள்.

மாரீஸ்வரி மேலே பார்த்துக் கையமர்த்தினாள்.

"போதும் பேச்சி, விடு. போய்க் கொழுந்தெடுங்க. எனக்காக நின்னா சாயங்காலம் உங்க எடை குறஞ்சிரும்."