நிறுத்தினால் கிளம்பாத லாரி

இரண்டாயிரமாவது வருடம் சித்திரை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பகல் இரண்டு மணிக்கு, அருள்புரம் டீக்கடை முன்னால், அய்யாசாமி தண்ணீரில் நனைத்து லாரியின் பெட்ரோல் பம்ப்பில் சுற்றிய பனியன் துணி இருபத்தைந்து வருடம் காயவில்லை. திருப்பூரில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நூல் சில சமயம் அறும், சாயம் சில சமயம் ஒட்டாது, துணி சில சமயம் காயாது; இதற்கெல்லாம் உட்கார்ந்து யோசித்தால் ஷிப்மென்ட் என்னாவது?

லாரி மிலிட்டரி ஏலத்தில் வந்த பழைய பெட்ரோல் வண்டி. குமாரவேலும், அவருடைய அக்காள் ராமாத்தாளின் கணவர் அய்யாசாமியும் கூட்டாக எடுத்தது. வேலம்பாளையத்தில் ஒரு தகர ஷெட், பதிமூன்று தையல் மிஷின், இந்த லாரி, இவ்வளவுதான் அன்றைக்குக் கம்பெனி. காலையில் சாவியைத் திருகினால் முதல் உறுமலிலேயே எழுந்துகொள்ளும். ஓடிச் சூடேறியபின் நிறுத்தினாலோ அரை மணி நேரம் அசையாது. மெக்கானிக் ஞானசம்பந்தம் காரணம் சொன்னார். ஓடும்வரை புதுப் பெட்ரோல் வந்து சூட்டைத் தணித்துக்கொண்டிருக்கும். நிறுத்தியதும் இன்ஜின் சூடு மேலேறி, கார்பரேட்டரில் நிற்கும் பெட்ரோல் கொதித்துப்போகும், குழாயில் ஆவி அடைத்துக்கொள்ளும். "ஒண்ணு, ஆறுற வரைக்கும் பொறுமையா உக்காருங்க. இல்லீனா பம்ப்புல ஈரத்துணி சுத்துங்க. ரெண்டும் ஆகாதுன்னா, நிறுத்தாதீங்க" என்றார். மூன்று வைத்தியத்தில் குமாரவேலுக்கு மூன்றாவதுதான் பிடித்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை முதல் எக்ஸ்போர்ட் சரக்கோடு தூத்துக்குடிக்குக் கிளம்பினார்கள். அருள்புரத்தில் டீ குடிக்கலாம் என்று வண்டியை நிறுத்தியது குமாரவேல்தான். பிறகு அது கிளம்பவில்லை. அய்யாசாமி சட்டையைக் கழற்றிச் சீட்டில் போட்டுவிட்டு, பனியன் வேஸ்ட்டில் ஒரு துண்டை எடுத்து, குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீர் முழுவதையும் அதில் ஊற்றிப் பம்ப்பில் சுற்றினார். "இப்பப் போடுங்க மாப்ள" என்றார். வண்டி இருமிக்கொண்டு எழுந்தது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் செத்துவிடும் போலிருந்தது. அய்யாசாமி பானெட்டை மூடிவிட்டுச் சுற்றி வருவதற்குள் லாரி நகர்ந்துவிட்டது. "பஸ்ஸுல வந்துருங்க மச்சான்! நிறுத்துனாக் கிளம்பாதுங்க!" என்று குமாரவேல் ஜன்னல் வழியாகக் கத்தினார். பஸ்ஸுக்கு வேண்டிய காசு சட்டைப் பையில் இருந்தது, சட்டை லாரியில் போய்க்கொண்டிருந்தது. அய்யாசாமி வெறும் பனியனோடு வேலம்பாளையம் வரை நடந்தார்.

சரக்கு கப்பலேறியது. அடுத்த ஆர்டர் வந்தது, அதற்கடுத்தது வந்தது. அய்யாசாமி வாசலில் வந்து நிற்கும்போதெல்லாம், "இந்த ஷிப்மென்ட் போயிரட்டுங்க மச்சான், ஒரு நாளைக்கு உக்காந்து பேசீரலாம்" என்றார் குமாரவேல். அந்த ஒரு நாள் வருவதற்கு முன்னால் கம்பெனி அவர் ஒருவர் பெயரில் பதிவாகிவிட்டது. சட்டையை மட்டும் இஸ்திரி போட்டு ஆள் மூலம் கொடுத்தனுப்பினார். அய்யாசாமி வேறொரு கம்பெனிக்குக் கட்டிங் மாஸ்டராகப் போனார். தூத்துக்குடிப் பயணமோ சங்கக் கூட்டங்களில் மேடைதோறும் ஏறியது. முதலில் 'நானும் எங்க மச்சானும்' என்றிருந்தது, பிறகு 'நானும் கூட ஒரு ஆளும்' ஆயிற்று, கடைசியில் 'நான் தன்னந்தனியா' என்று நின்றது. 'நிறுத்தாதே' என்பது கம்பெனியின் கொள்கையாகிச் சுவரில் ஆங்கிலத்தில் ஆளுயரத்துக்கு எழுதப்பட்டது. கீழே குமாரவேல் கைகட்டி நிற்கும் படம்.

பம்ப்பில் கிடந்த துணி அப்படியே ஈரமாக இருந்தது. அது இருக்கும்வரை லாரி எவ்வளவு சூட்டிலும் கிளம்பியது. சாயப்பட்டறை டிரையரில் நாலு தரம் விட்டுப் பார்த்தார்கள், டிரையர்தான் ரிப்பேரானது. லேப்புக்கு அனுப்பினார்கள். 'ஈரம்: உள்ளது. காரணம்: தெரியவில்லை' என்று முத்திரை குத்தி வந்தது. துணி வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவர், இதே துணி மூன்று சைஸில் கிடைக்குமா என்று கேட்டிருந்தார்.

கம்பெனியின் வெள்ளிவிழா வருடம் மாசியில் அய்யாசாமி இறந்தார். குமாரவேல் போனார், போகவில்லை என்று சொல்ல முடியாது. பதினோரு நிமிடம் இருந்தார். வாசலில் கார் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது, பையர் காத்திருந்தார். பதினோரு நாட்டுக்குத் துணி அனுப்புகிறவர், அக்காளுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை மேனேஜர் கையில் கொடுத்துப் போடச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அன்றிலிருந்து, துணி ஈரமாக இருந்தும், லாரி சூட்டில் கிளம்பவில்லை. வைகாசியில் வெள்ளிவிழா. குமாரவேல் லாரியை ஊர்வலமாக ஓட்டிப் போய், மண்டபத்து வாசலில் மாலைக்காக நிறுத்தி, மறுபடி தானே கிளப்பி மேடையருகே கொண்டுபோவதாக அழைப்பிதழிலேயே அச்சாகியிருந்தது. ஞானசம்பந்தம் காயிலை மாற்றினார், மிதவையைச் சரிசெய்தார், கார்பரேட்டருக்கு அடியில் தடிமனான அட்டை வைத்தார், பெட்ரோல் குழாயைச் சூட்டிலிருந்து தள்ளிக் கட்டினார். எல்லாம் சரியான வைத்தியம், ஒன்றும் கேட்கவில்லை. சாத்தூர்ப் பக்கத்து டிரைவர் ஜெயபாண்டிதான் கடைசியில் வாய்விட்டார்: "மொதலாளி, துணிய நனைச்சவுக வீட்டுலயே ஒரு எட்டு கேட்டுப் பாத்தா என்ன? வேற ஆளு கை பட்டா இது எந்திரிக்காது போலருக்கு."

விழா அன்று காலை குமாரவேல் பட்டு வேட்டியோடு தானே லாரியை ஓட்டிக்கொண்டு வேலம்பாளையத்தில் அக்காள் வீட்டுக்குப் போனார். அக்காள் கையால் ஒரு துணியை நனைத்து வாங்கிக்கொண்டு, இன்ஜினை அணைக்காமலேயே திரும்பிவிடுவது திட்டம். வாசலில் ராமாத்தாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தம்பி சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

"நனைச்சுத் தாரேன் சாமி. எதுக்கு, மறுக்காவும் உட்டுப்போட்டுப் போறதுக்கா?"

அவள் சண்டைக்குக் கேட்கவில்லை. விவரம் கேட்பது போலத்தான் கேட்டாள். குமாரவேல் லாரியில் ஏறி, இருபத்தைந்து வருடத்தில் முதல் முறையாக, அந்தச் சூட்டில், கிளம்பாது என்று தெரிந்தே, சாவியைத் திருகி அணைத்தார். சந்து அமைதியானது. பானெட்டைத் திறந்து பழைய துணியை உருவிக்கொண்டு வந்து அக்காள் கையில் கொடுத்தார்.

"மச்சான் நனைச்சதுங்க அக்கா. அன்னைக்கு நின்னு அவரையும் ஏத்தியிருக்கலாம்."

ராமாத்தாள் அதைப் பிழிந்தாள். சரியாக ஒரு கேன் தண்ணீர் வந்தது. கொடியில் போட்டாள். காபி வைத்து எடுத்துவருவதற்குள் துணி காய்ந்து மொடமொடத்திருந்தது. குமாரவேலின் போன் நாற்பத்தாறு தடவை அடித்தது. மண்டபத்தில் மாலையை அவருடைய ஆளுயரப் படத்துக்குப் போட்டார்கள். வித்தியாசம் தெரியவில்லை என்று வந்தவர்கள் சொன்னார்கள்.

லாரி இன்னும் அந்தச் சந்தில்தான் நிற்கிறது. மாதம் ஏழாகியும் பானெட்டில் கை வைக்க முடியவில்லை. கோளாறு ஒன்றுமில்லை, சூடு ஆறவில்லை, அவ்வளவுதான் என்கிறார் ஞானசம்பந்தம். ஐப்பசி மழையிலும் சந்துப் பெண்கள் அதன்மேல்தான் வடகம் காயவைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் குமாரவேல் டவுன் பஸ்ஸில் வருகிறார். பானெட்டைத் தொட்டுவிட்டு விரலை உதறிக்கொள்கிறார்.

"இன்னும் ஆறலீங்க அக்கா."

"அது ஆறும்போது ஆறட்டும். உக்காரு" என்று ராமாத்தாள் பக்கத்து வீட்டு வடகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, தன் வடகத்தைப் பரப்புகிறாள்.