நீலக் கேபிள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கோமளாவுக்குச் சந்தோஷ் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான். "நெட்வொர்க்னா வலை மாதிரிதான்கா. நாப்பது பெட்டியும் வலையில மாட்டிக்கினு இருக்குது. தலைக்கயிறு என் மேசையில. இங்கருந்து ஒரு தட்டு, நாப்பதும் காலி."

எளாவூர் சோதனைச்சாவடியைத் தாண்டிய தகரக் கூடம் அது. ஆபீஸ்கள் வாடகைக்கு எடுத்துப் பழசானதும் திருப்பித் தந்த கம்ப்யூட்டர்கள் லாரியில் வரும். லாரிக்காரர்களே அவற்றை முகம் சுவரைப் பார்க்க, முதுகு வெளியே தெரிய அடுக்கிவிட்டுப் போவார்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் மின்சார ஒயரையும் நீலக் கேபிளையும் செருகுவது, சந்துக்குள் கைவிட்டு முன்பக்கப் பட்டனை அழுத்துவது, எண் சீட்டு ஒட்டுவது கோமளாவின் வேலை. உள்ளே பதிந்திருப்பதை அழிப்பது சந்தோஷின் வேலை. அழிந்து முடிந்த ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தேதி நேரத்தோடு ஒரு சான்றிதழ் அச்சாகி வரும். பாதியில் நின்றுபோனதை நம்பக் கூடாது என்பது விதி. அதைக் கழற்றிப் பவுனம்மாளிடம் கொடுத்தால் டிரில்லிங் மிஷினில் வைத்துத் துளை போட்டுவிடுவாள்.

"செத்த டிஸ்க்குக்கு ஒரு நிமிசத்துல சர்ட்டிபிகேட்டு வருது. ஒன் புருசனுக்கு வரல பாத்தியா" என்று பவுனம்மாள் ஒருநாள் சொன்னாள். கேலியாகச் சொல்லவில்லை.

முந்தின வருஷம் ஐப்பசியில் கோமளாவின் புருஷன் தருமன் நண்டு வலையோடு விடியலில் தனியாகப் போனான். இரண்டாம் நாள் படகு மட்டும் முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் மணலில் கிடந்தது. பத்து நாள் தேடினார்கள். பதினோராம் நாள் பேச்சு திரும்பியது. படகை அவிழ்த்துவிட்டு ஆரம்பாக்கத்தில் பஸ் ஏறிவிட்டான் என்றார்கள். சூலூர்பேட்டை மார்க்கெட்டில் ஒருத்தியோடு பார்த்ததாக ஒருத்தன் சத்தியமே செய்தான். ஸ்டேஷனில் 'காணவில்லை' என்று எழுதி முடித்துக்கொண்டார்கள். இறந்தான் என்று எழுத ஏழு வருஷம் போக வேண்டுமாம். தாலியை வைத்துக்கொள்வதா கழற்றுவதா என்று அவளுக்கே தெரியவில்லை. செத்தவனுக்கு அழுவதா, ஓடிப்போனவனைத் திட்டுவதா என்பதும் தெரியவில்லை.

சாட்சி ஒன்றே ஒன்று இருந்தது. ஐஸ் கம்பெனியின் கேமரா படகுத்துறையைப் பார்த்து இருந்தது. "அன்னிக்கிக் காலைல கேமராவுல பதிவானதை மட்டும் தனியா எடுத்து வெச்சிருக்கேன்மா, இந்தப் பெட்டியிலதான் இருக்குது. ஸ்டேஷன்ல எழுதிக் கேக்கட்டும்" என்றார் மேனேஜர். "அவங்க குடுத்தா பாக்கறோம்" என்றது ஸ்டேஷன். இரண்டுக்கும் நடுவே பதினோரு தடவை நடந்தாள். ஒவ்வொரு தடவையும் மேனேஜர் மேசைக்குக் கீழே இருந்த அந்தக் கறுப்பு வாடகைப் பெட்டியைப் பார்த்துக்கொண்டேதான் நிற்பாள். ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம் வழிந்து பவர் பட்டன்வரை வந்து காய்ந்திருக்கும்.

அந்த வியாழக்கிழமை சந்தோஷ் நாற்பதையும் தட்டிவிட்டு டீக்கடைக்குப் போனான். கோமளா சீட்டுச் சுருளோடு சுவர்ப்பக்கச் சந்துக்குள் நுழைந்தாள். ஒன்று, இரண்டு என்று ஒட்டிக்கொண்டே வந்தவள் பதினேழாவதில் நின்றுவிட்டாள்.

குங்குமம். அதே வழிசல். அரை மணி முன்னால் அவளே கேபிள் செருகிய பெட்டி.

முகத்துவாரத்து இழுப்பில் வலை எதிலாவது மாட்டிப் படகைச் சாய்த்தால் யோசிக்கக் கூடாது, தலைக்கயிற்றை அறுத்துவிட வேண்டும். தருமன் அவளைப் படகில் ஏற்றிய முதல் நாளே கத்தி எங்கே செருகியிருக்கிறது என்றுதான் காட்டினான். "வலை போனா போவுது. உள்ள இருக்கறது பொழைக்கணும்."

அட்டைப்பெட்டி கிழிக்கும் கத்தி இடுப்பில் இருந்தது. ஓடிப்போய், சந்தோஷின் மேசையிலிருந்து கிளம்பும் தடித்த நீலக் கேபிளை ஒரே இழுப்பில் அறுத்தாள்.

திரையில் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்த நாற்பது வரிகளும் சாம்பல் நிறமாகி நின்றன. சந்துக்குள் திரும்பிப் போய்ப் பதினேழாவது பெட்டிமேல் கையை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே ஏதோ மெல்ல ஓடுவது உள்ளங்கையில் தெரிந்தது. உயிர் இருக்கிறது என்று நினைத்தாள். சந்தோஷ் வரும்வரை கையை எடுக்கவில்லை.

"இன்னாக்கா இது, யாரு அறுத்தது?"

"நான்தான் சார். இந்தப் பெட்டியில எங்க வூட்டுக்காரரு இருக்காரு."

ஐஸ் கம்பெனி கேமராவைப் பற்றி அவள் சொன்ன பிறகுதான் அவனுக்கு விஷயம் புரிந்தது. புரிந்ததும் முகம் மாறிவிட்டது. "அய்யோ, அறுத்தா நிக்காதுக்கா. புரோகிராம் அப்பவே உள்ள பூந்துடுச்சு. ஒவ்வொண்ணும் தன்னால அழிச்சுக்கினு இருக்குது. நிறுத்துன்னு சொல்றதுக்கு இருந்த வழியே அந்தக் கேபிளுதான். பட்டனை அழுத்து, வுடாம அழுத்து."

அவள் தினமும் நாற்பது தடவை அழுத்துகிற பட்டன். அது நினைவுக்கு வராமல் கத்திதான் நினைவுக்கு வந்திருந்தது. குங்குமத்தின்மேல் விரலை வைத்து அழுத்தினாள். உள்ளங்கையில் ஓடிக்கொண்டிருந்தது நின்றது.

சந்தோஷ் டிஸ்க்கைக் கழற்றித் தன் மேசையில் மாட்டிப் பார்த்தான். பவுனம்மாளும் மிஷினை ஓடவிட்டபடியே டிஸ்க்கை வாங்க எழுந்து வந்து வாசலை அடைத்து நின்றாள்.

"ஒண்ணுமில்லைனு வருதுக்கா."

"இல்லைனு வருதா, தெரியலைனு வருதா?" என்று கேட்டாள் கோமளா.

அவன் மறுபடி திரையைப் படித்தான். "தெரியலைனுதான் வருது. முன்பக்கம் அழிஞ்சுடுச்சு. எது எங்க இருக்குதுனு காட்டற பட்டியல் அதுலதான் போயிருக்கும். பின்னால மிச்சம் இருந்தாலும் இருக்கும். தோண்டி எடுக்கறவங்க மெட்ராஸ்ல இருக்காங்க. ஆனா கெடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன்."

"கெடைக்காதுனு சொல்லுவீங்களா?"

"அதுவும் சொல்ல முடியாது."

கோமளா டிஸ்க்கை எடுத்தாள். இன்னும் சூடு ஆறவில்லை. சோற்றுப் பாத்திரத்தை வெளியே எடுத்து வைத்துவிட்டு, அதைக் கட்டியிருந்த துணியிலேயே டிஸ்க்கைச் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.

"அக்கா, நாலு மணிக்குப் பெட்டிங்கள எடுத்துக்கினு போக லாரி வந்துடும்." சந்தோஷின் குரல் இறங்கிவிட்டது. "இந்த நம்பருக்கு நேரா நான் எதனா எழுதணும். அழிஞ்சுதுன்னா சர்ட்டிபிகேட்டு கேப்பாங்க. துளை போட்டோம்னா துளையைக் காட்டணும். இன்னா எழுதறது, நீயே சொல்லு."

"காணவில்லைனு எழுதுங்க சார்."

"தேடுவாங்களேக்கா."

"அப்படி எழுதிட்டா யாரும் தேட மாட்டாங்க சார்" என்றாள் கோமளா.

பவுனம்மாள் போய் மிஷினை அணைத்தாள். வாசலில் வழி இருந்தது.