நாலு மணிச் செக்கிங்

எங்கள் மேனேஜர் பாலகணேஷுக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும். இதை அவர் வாரத்துக்கு இரண்டு தடவையாவது எனக்கு ஞாபகப்படுத்துவார். எனக்குப் பிறவியிலிருந்தே தெரியாது. அதையும் அவரேதான் ஞாபகப்படுத்துவார்.

என் பெயர் சிவபாண்டி. தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரில் டவுன் பஸ் ஏறி இராஜபாளையத்துக்கு வந்து, ஒரு பேண்டேஜ் கம்பெனியில் டிஸ்பாட்ச் பார்க்கிறேன். எந்த லாரியில் எத்தனை பெட்டி போகிறது என்று கம்ப்யூட்டரில் ஏற்றி, வழியில் செக்கிங்கில் காட்டுகிற ஈ-வே பில் போட்டு, டிரைவரின் போனுக்கு அதன் நம்பரை அனுப்ப வேண்டும். நம்பர் வராமல் லாரி கேட்டைத் தாண்டாது.

என் கம்ப்யூட்டரில் ஓடுவது லினக்ஸ் என்கிற சிஸ்டம். இலவசமாக இறக்கி நானே ஏற்றியது. அதற்காக யார் வீட்டு வாசலிலும் போய் நிற்கவில்லை. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்ல அதில் ஒரு குரல் உண்டு. மூக்கடைத்த ஆள் பேசுகிற மாதிரி இருக்கும். நான் அதை மூன்று மடங்கு வேகத்தில் ஓட விட்டிருக்கிறேன். மற்றவர்களுக்குக் கடுகு பொரிகிற சத்தம்தான் கேட்கும், எனக்கு ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழும். எந்த கீயை அமுக்கினால் எது நடக்க வேண்டும் என்று ஆறு வருஷமாக என் இஷ்டத்துக்கு மாற்றி மாற்றி வைத்திருக்கிறேன்.

பாலகணேஷுக்கு இது ஆகாது. அவருடைய கம்ப்யூட்டரில் இருப்பதையே என்னுடையதிலும் போட வேண்டும் என்பார். அதிலும் வாசிக்கிற குரல்கள் இருக்கின்றன, நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஆபீசில் இருப்பது எவனோ எவனிடமோ காப்பி அடித்தது. மாதம் ஒருமுறை ஒரு மெக்கானிக் வந்து வைரஸைத் துடைக்கிறேன் என்று எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் போவார். அதோடு என் குரலும் போய்விடும்.

"இந்த மெஷினால ஒரே ஒரு லாரி நிக்கட்டும், அன்னைக்கே அழிச்சிட்டு நம்ம சிஸ்டத்தப் போட்டுருதேன். நீ போன் எடுக்கிற வேலையப் பாரு" என்று போன வாரம் சொன்னார். சொன்னதோடு விடவில்லை. அழிப்பதற்கான பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அதன் மூடியை டிக், டிக் என்று திறந்து மூடியபடி ஆபீஸ் முழுக்க நடந்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இது போதாதென்று தினமும் நாலு மணிக்குச் செக்கிங். வேலை நேரத்தில் நான் மானிட்டரைப் போடுவதேயில்லை. அவரே வந்து, "மானிட்டரப் போட்டுக்கிடுதேன்" என்று சொல்லி, என் தோளுக்கு மேலே குனிந்து, "ம்... ம்ம்... சரியா இருக்கு" என்பார். பார்வை உள்ளவர் பார்த்துச் சொன்னால்தான் கணக்காம்.

நான் ஒரு தப்பு செய்தேன், மறைக்கவில்லை. வியாழக்கிழமை காலையில் வந்ததும் வராததுமாக அப்டேட் போட்டேன். வேலை நாளில் அப்டேட் போடக் கூடாது என்று ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவன் நான். புதிதாக ஒன்று வந்திருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் கை சும்மா இருக்காது. மத்தியானம் வரை ஒரு குறையும் இல்லை. மூன்றேகாலுக்கு, பாதிப் பேச்சில், குரல் நின்றுவிட்டது.

வெளியே தூத்துக்குடி போகிற லாரி நின்றது. நாலு மணிக்குள் கிளம்பாவிட்டால் கன்டெய்னரைப் பிடிக்க முடியாது என்று டிரைவர் சோலைச்சாமி ஏற்கனவே சொல்லியிருந்தார். நான் ஸ்பீக்கர் ஒயரை ஆட்டினேன், பிடுங்கிச் செருகினேன். சத்தமில்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். அப்போதும் இல்லை. குரல் வந்துவிட்டதா என்று பார்க்க நான் எப்போதும் அடிக்கிற வரி ஒன்று உண்டு: 'பாலகணேஷ் ஒரு வெத்துவேட்டு.' அதை இருபது தடவையாவது அடித்திருப்பேன். ஒரு முனகல்கூட இல்லை.

ஆறு வருஷமும் போச்சு, அப்டேட் தின்றுவிட்டது என்றே முடிவுகட்டினேன். நாளையிலிருந்து போன்தான். 'பேண்டேஜ் இருக்கா?' 'இருக்கு.' அவ்வளவுதான் என் பிழைப்பு.

வேறு வழியில்லாமல் அந்த ஆளையே கூப்பிட்டேன்.

"சார், ஸ்க்ரீன்ல என்ன இருக்குன்னு செத்த பாத்துச் சொல்லுங்க."

டிக், டிக் என்று வந்து நின்றார். "ஸ்க்ரீன்லயா?"

"ஆமா சார். கறுப்பா இருக்கா, நீலமா இருக்கா?"

கொஞ்சம் யோசித்தார். "கறுப்புதான். லேசா நீலமும் இருக்கு."

"எழுத்து ஏதும் தெரியுதா?"

"தெரியுது. இங்கிலீஷ்ல."

"என்ன போட்டிருக்கு? படிங்க சார்."

"பொடி எழுத்தா இருக்குப்பா. கண்ணாடிய வீட்ல வச்சிட்டு வந்துட்டேன்."

"சரி, கீழ வலது பக்கம் பட்டன் இருக்கும்லா, அத அமுக்கி ஒரு தரம் அணைச்சுப் போடுங்க."

'தொப்'பென்று ஒரு சத்தம் வந்தது. என் வாழ்நாளில் எந்த மானிட்டரும் அப்படிச் சத்தம் போட்டதில்லை.

கையை நீட்டினேன். தூசி விழாமல் போட்டிருந்த துணி தட்டுப்பட்டது. அதை உருவிவிட்டுத் தடவினேன். அட்டை. ஓரத்தில் டேப். மேலே மூடி, இரண்டு பக்கமும் மடிப்பு. நாங்கள் பேண்டேஜ் அடுக்கி அனுப்புகிற அதே அட்டைப்பெட்டி!

"மானிட்டர் எங்க சார்?"

"அது... வாட்ச்மேன் ரூம்ல கேமரா பாக்குற டிவி கருகிப் போச்சு. ஒனக்கு எதுக்குன்னு அதத் தூக்கி அங்க வச்சோம்."

"எப்ப?"

"ஆடி மாசம்."

இது தை மாசம். கம்பெனியில் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. சொன்னால் என் மனசு சங்கடப்படும் என்று ஒரு வாய் பேசவில்லை. ஆயுத பூஜைக்கு அந்தப் பெட்டிக்குச் சந்தனம் வைத்தவனே நான்தான். "துணி மேலயே வைங்கண்ணே, பாலிஷ் போயிரும்" என்று பேக்கிங் ஹால் மாரிக்கனி பக்கத்தில் நின்று சொன்னாள். சூடம் வேறு காட்டினார்கள். எனக்கு வந்த கோபத்தில் பெட்டியைத் தூக்கி மேனேஜர் மேலேயே போட்டிருப்பேன்.

அதற்குள் அந்த மாரிக்கனியே மூச்சிரைக்க ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் ஏழெட்டுப் பெண்களின் கொலுசுச் சத்தம்.

"அண்ணே, எங்க பாட்டு ஸ்பீக்கருக்குள்ள ஒரு ஆளு பூந்துக்கிட்டு மேனேஜர் சார வையுதான்! அதையே இருவது தடவ சொன்னதுல எங்களுக்கே வெளங்கிட்டு! எத அமுக்குனாலும் நிக்க மாட்டேங்கான்!"

எதையோ என் மேஜையில் வைத்தாள். தொட்டேன். பந்து போல பேண்டேஜ் துணி. ஸ்பீக்கரின் வாயை மூட வேண்டும் என்று ஒரு ரோலை முழுசாகச் சுற்றிவிட்டார்கள். நான் ஒரு கீயைத் தட்டினேன். அத்தனை துணிக்கும் உள்ளேயிருந்து, மூக்கடைத்தபடி, என் குரல் அந்த எழுத்தைச் சொன்னது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. துணி வாசம்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். சந்தோஷம்தான்.

அதே ஆயுத பூஜை அன்று, ஹாலில் பாட்டுப் போடுவதற்காக இந்த ப்ளூடூத் ஸ்பீக்கரை என் கம்ப்யூட்டரோடு சேர்த்து வைத்தவன் நான். மறுநாளே அதன் சார்ஜர் போய்விட்டது, நானும் மறந்துபோனேன். இன்றைக்கு மாரிக்கனி புது சார்ஜர் வாங்கிவந்து போட்டிருக்கிறாள். கம்ப்யூட்டர் பழைய சிநேகத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொண்டது. அப்டேட் பாவம், ஒன்றுமே செய்யவில்லை.

"மணி என்ன?"

"மூணே முக்கால்ண்ணே."

கட்டைப் பிரிக்க நேரமில்லை. அப்படியே காதுப் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். வெளியே சோலைச்சாமி ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார்.

"ஏட்டி, இம்புட்டு வேகமா என்னதான் சொல்லுதான்?" என்றாள் ஒருத்தி.

"அண்ணனுக்குப் புரியும், நீ சும்மா இரு" என்றாள் மாரிக்கனி.

வண்டி நம்பர், பெட்டி எண்ணிக்கை, ஊர் எல்லாவற்றையும் ஏற்றி, ஒரு தடவை முழுக்க வாசிக்கக் கேட்டு, அனுப்பினேன். ஹாரன் நின்றது. "நம்பர் வந்துட்டு, வாரேன்!" என்று சோலைச்சாமி கத்தினார். லாரி கேட்டைத் தாண்டிய சத்தம் கேட்ட பிறகுதான் நாற்காலியில் சாய்ந்தேன். மூன்று ஐம்பத்தைந்து.

பெண்கள் யாரும் நகரவில்லை. பாலகணேஷும் நகரவில்லை. டிக் சத்தம் நின்றிருந்தது.

"சிவபாண்டி, வேணும்னா மானிட்டர இப்பவே எடுத்துட்டு வரச் சொல்லட்டா?"

"எதுக்கு சார், வாட்ச்மேன் பாத்துட்டுப் போறாரு. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ஆடியிலருந்து தினமும் நாலு மணிக்கு என் பின்னால நின்னு என்னத்தப் பாத்தீங்க?"

மாரிக்கனிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மற்றவர்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள் என்பது சத்தத்திலேயே தெரிந்தது.

"அந்த ஆறு மாசத்துல ஒரு லாரியாவது நின்னுச்சா சார்?"

"இல்ல" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

பென்டிரைவை என் மேஜை டிராயரில் போட்டுச் சாத்தினார். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். சுவர்க் கடிகாரம் நாலு அடித்தது.

நான் அட்டைப்பெட்டியை நேராக்கி வைத்தேன்.

"மணி நாலாச்சு சார், வாங்க. செக்கிங்க முடிச்சிட்டு, போகும்போது அந்தத் துணியப் போட்டு மூடிட்டுப் போங்க. தூசி விழுந்துரும்."

சத்தம் போடாமல் வந்து மூடிவிட்டுப் போனார்.