சத்தத்தின் வால்

அந்த அழைப்பு வந்தது காலையிலா, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகா என்பது இப்போது தெளிவாக இல்லை. அக்காவைக் கேட்டால் காலை என்பாள். தம்பியோ, தான் சாப்பிட்ட கையைக்கூடக் கழுவவில்லை என்று சத்தியம் செய்வான். இருவருமே கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவர்கள்தான். ஆனால் அழைத்தவர் கேட்ட கேள்வி மட்டும் இரண்டு பேருக்கும் சொல் மாறாமல் நினைவிருக்கிறது.

"ஏம்மா, உங்க பியானோ இப்படித்தான் பொசுக்குனு நின்னுடுமா?"

கேட்டவர் மலைமேல் ஒரு சின்ன ஊரில் இருந்துகொண்டு நாடகங்களுக்கு இசை அமைப்பவர். அவர் வாங்கியிருந்தது பியானோ அல்ல, ஒரு பியானோவின் சத்தம். அக்காவின் தொழில் அதுதான். இசைப்பள்ளி ஒன்றின் கூடத்தில் நின்ற பியானோவை, பள்ளி விடுமுறையில், மின்விசிறியை நிறுத்தி, ஜன்னல்களில் போர்வை கட்டி, ஒவ்வொரு கட்டையாகத் தட்டிப் பதிவு செய்திருந்தாள். பூப்போல ஒரு முறை, அழுத்தி ஒரு முறை, ஓங்கி ஒரு முறை. ஒவ்வொரு முறையும் அந்தச் சத்தம் தேய்ந்து தேய்ந்து மரத்துக்குள் இறங்கி அடங்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருப்பாள். நடுவில் ஒரு தும்மல் வந்தால் எல்லாம் போச்சு, மறுபடி தட்ட வேண்டும். இயல்பிலேயே அதிகம் பேசாதவள். சத்தம் போன பிறகும் அறையில் ஏதோ மிச்சம் இருக்கிறது, அதைப் பிடிக்கத்தான் இந்தப் பாடெல்லாம் என்று நினைத்துக்கொள்வாள். யாரிடமும் சொன்னதில்லை. வாங்குகிறவர் அந்தப் பதிவுகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டால், மேசைமேல் ஒரு சின்ன கீபோர்டை வைத்து அதே பியானோவை வாசிக்கலாம்.

சிக்கல், அதை அனுப்புவதில் இருந்தது. ஒரு அலமாரி சினிமாவை ஒரே மூட்டையாகக் கட்டியது போன்ற கோப்பு அது. அனுப்பும் பொறுப்பு தம்பியுடையது. பணம் கட்டியவருக்கு ஒரு லிங்க் போகும், அவர் அதைத் தட்டி இறக்கிக்கொள்ள வேண்டும். நல்ல இணையம் இருப்பவருக்கு ஒன்றும் பிரச்சினை இல்லை. மலைமேல் இருந்தவருக்கோ நாள் முழுக்க ஊர்ந்து வந்து, முக்கால்வாசி தாண்டியதும் அறுந்துபோகும். திரும்ப ஆரம்பத்திலிருந்து. மூன்று முறை அப்படி ஆயிற்று. நாடகம் மேடையேற இரண்டு வாரம்கூட இல்லை. பணத்தைத் திருப்பித் தந்துவிடுவதாகத் தம்பி சொன்னபோது, "பணத்தை வச்சு நான் என்னத்த வாசிக்கிறது தம்பி?" என்று அவர் கேட்டார்.

நாலாவது முறை கோப்பு ஒரே மூச்சில் போய்ச் சேர்ந்துவிட்டது. "பரவாயில்லையேடா, தேறிட்ட" என்றாள் அக்கா. தம்பி தலையைச் சொறிந்தான். அதற்கு மறுநாள்தான் அந்த அழைப்பு.

அவர் போனை ஸ்பீக்கரோடு ஒட்டிவைத்து ஒரு கட்டையைத் தட்டிக் காட்டினார். சத்தம் எழுந்தது, இறங்கத் தொடங்கியது, கதவைச் சாத்தியதுபோல் நின்றது. "நானே கூப்பிடறேன் சார்" என்று வைத்துவிட்டு அக்கா திரும்பினாள்.

"என்னடா பண்ணின?"

"ஒண்ணும் பண்ணலக்கா. வாலை மட்டும் நறுக்கினேன்."

"எந்த வாலை?"

"சத்தத்தோட வாலைத்தான். ஒவ்வொரு கட்டைக்கும் கடைசியில நீளமா ஒண்ணுமே இல்லாம கிடக்குதுல்ல? அதை எடுத்துட்டா கோப்பு கால்வாசியாச் சுருங்கிடுது. வெறும் அமைதிக்கா அது. அதைப் போய் எதுக்கு மூட்டை கட்டி மலையேத்தணும்?"

அவள் மேசைமேல் கிடந்த போனையே பார்த்தாள். அவன் நாற்காலியை இப்படியும் அப்படியும் திருப்பினான். "திட்டிடுக்கா."

அவள் நினைத்தது வேறு. ஆமாம் சார், பழைய பியானோ, அப்படித்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் நம்பிவிடுவார், நாடகமும் நடந்துவிடும். ஆனால் நாளெல்லாம் அசையாமல் உட்கார்ந்து பிடித்ததை, ஒரே வீட்டில் வளர்ந்த இவனே ஒன்றுமில்லை என்கிறான். எங்கோ இருக்கும் ஒரு மனிதர், முகம்கூடத் தெரியாதவர், அது இல்லை என்பதைக் காதால் கண்டுபிடித்திருக்கிறார். தனக்கு மட்டுமே கேட்கிறது என்று இத்தனை நாளாக நினைத்திருந்ததை. கோபத்துக்கு அடியிலிருந்து பெருமை கிளம்பி வந்தது. அது முகத்தில் தெரிந்துவிடாமல் இருக்கப் போனைக் கையில் எடுத்தாள்.

"சார், எங்க பியானோ அப்படி நிக்காது. நாங்கதான் வெட்டிட்டோம். முழுசா அனுப்பறோம்."

அவள் 'நாங்க' என்றதைத் தம்பி கவனித்தான்.

"எப்படிம்மா வரும்? எங்க ஊருக்கு மழையே நாலு இடத்துல நின்னு நின்னுதான் வருது."

தம்பி எட்டிப் போனை வாங்கினான். "சார், மூட்டையா வேணாம். கட்டைக்கு ஒரு பொட்டலமா அனுப்பறேன், மொத்தம் எண்பத்தெட்டு கட்டை. எது அறுந்தாலும் அதை மட்டும் திரும்ப இறக்கினாப் போதும். துளி குறையாம வந்துச்சான்னு சரிபாக்க ஒரு சின்ன புரோகிராமும் சேத்துத் தர்றேன்."

"இதை முதல்லயே பண்ணியிருக்கலாமே?"

"வெட்டுறது சுலபமா இருந்துச்சு சார்."

அந்தப் பக்கம் அவர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. ஆனால் அன்று அவனுக்குத் தேநீர் அவள்தான் போட்டாள்.

பொட்டலங்கள் ஒவ்வொன்றாக மலையேறின. "வந்தாச்சு" என்று அவரிடமிருந்து செய்தி வரும்போதெல்லாம் தம்பி, "உன்னோட இன்னொரு அமைதி இறங்கிடுச்சுக்கா" என்று கத்துவான். மிகத் தாழ்ந்த கட்டை மட்டும் நாலைந்து தடவை அறுந்தது. மற்ற எல்லாவற்றையும்விட அதற்குத்தான் வால் நீளம். ஒருவழியாக அது போய்ச் சேர்ந்த நாளில் அவர் போன் செய்தார், எதுவும் பேசாமல் அதைத் தட்டினார். சத்தம் தேய்ந்தது. அவர்கள் இருவரும் மேசையின் இரண்டு பக்கமும் குனிந்து கேட்டார்கள். சத்தம் போன பிறகும் இருவரும் நிமிரவில்லை. தம்பி ஏதோ சொல்ல வந்து, அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

நாடகம் குறித்த நாளில் மேடையேறியது. கடைசிக் காட்சியில் அவர் அந்த ஒற்றைக் கட்டையை மட்டும் தட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாராம். எப்போது கைதட்டுவது என்று அரங்கில் ஒருவருக்கும் தெரியவில்லையாம்.

அவர் இப்போதும் நாடகங்களுக்கு இசை அமைக்கிறார். இசைப்பள்ளி அந்தப் பியானோவை விற்றுவிட்டது, வாங்கியவர் யாரென்று தெரியாது. தம்பிக்கு ஒரு மருத்துவமனையில், பெரிய பெரிய ஸ்கேன் படங்களை வெளியூர் மருத்துவர்களுக்கு அனுப்பிவைக்கும் வேலை கிடைத்தது. சனிக்கிழமைகளில் வந்து அக்காவின் கோப்புகளையும் அனுப்பிவிட்டுப் போகிறான். அக்கா இப்போது ஆளுயர வயலின் போன்ற ஒரு செலோவைப் பதிவு செய்கிறாள். வில் கம்பியை விட்டு எழுந்துவிட்டது. பதிவுக் கருவியின் சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது.